கருவாடும் ஒரு டப்பா மண்ணும்

குருசுக்குப்பம், புதுச்சேரி
5 ஜனவரி 2026

திருமதி ஜஹபர் நிஷா அவர்களுக்கு,

வணக்கம். குருசுக்குப்பத்திலிருந்து முல்லா வீதிக்கு மெதுவாக நடந்தாலும் அரை மணி நேரத்தில் வந்துவிடலாம், இதற்குப் போய் ஸ்டாம்பு ஒட்ட வேண்டுமா என்று நினைப்பீர்கள். என் எண்ணை உங்கள் போனில் தடுத்து வைத்திருக்கிறீர்கள். உங்கள் வாசலில் வந்து நிற்க எனக்கு மனம் இல்லை. ஆகவே தபால்.

விஷயம் இதுதான். பெனிஷாவுக்கு மார்ச்சில் பிரசவம். மருமகன் அங்கே வர எனக்கு விமான டிக்கெட் போட்டுவிட்டார். பிப்ரவரி 12 கிளம்பினால் ஆகஸ்ட் கடைசியில்தான் ஊர் திரும்புவேன். ஆறு மாதத்துக்குக் கருவாட்டை எங்கே விடுவது என்பதுதான் கேள்வி. நாய்களைப் பார்த்துக்கொள்ளும் இடம் ஒன்றில் அக்டோபரில் இரண்டு நாள் விட்டுப் பார்த்தேன். தண்ணீரைக்கூடத் தொடவில்லை. மூன்றாம் நாள் போய்க் கூட்டி வந்தேன். பன்னிரண்டு வயதாகிறது. இப்படி ஆறு மாதம் அது தாங்காது.

நம் தெரு நாய் அமைப்பில் நிர்மலாவிடம் சொன்னேன். ரெட்டியார்பாளையத்தில் இளஞ்செழியன் என்று ஒருவர், வங்கியில் வேலை. அவரும் மனைவியும் வயதான நாய் ஒன்றைத் தத்தெடுக்கக் காத்திருக்கிறார்களாம். ஆறு மாதத்துக்கு மட்டும் என்றால் அவர்களுக்கு வேண்டாம். கொடுத்தால் ஒரேயடியாகக் கொடுக்க வேண்டும். அதுவும் நியாயம்தான். அவர்கள் வீட்டை நான் போய்ப் பார்த்துவிட்டேன்.

2014-இல் படிவத்தில் நாம் இருவரும் கையெழுத்துப் போட்டோம். இருவர் பொறுப்பேற்ற நாயை வேறு ஒருவருக்கு மாற்ற இருவரின் கையெழுத்தும் வேண்டும் என்று அதில் இருக்கிறது. அந்த விதியை டைப் அடித்துக் கொடுத்தவளே நான்தான். என் தலையெழுத்து. படிவம் இத்துடன் இருக்கிறது. பெருக்கல் குறி போட்ட இடத்தில் கையெழுத்திட்டு அனுப்பவும்.

உங்கள் தகவலுக்கு ஒன்று. கருவாட்டின் எடை கூடிவிட்டது என்று டாக்டர் என்னைத் திட்டுகிறார். யாரோ கொழுப்பாகப் போடுகிறார்கள் என்கிறார். நான் ஒரு வேளை சோறு, ஒரு வேளை ரொட்டி, அவ்வளவுதான் போடுகிறேன். தினமும் ஐந்து மணிக்குத் தெருமுனைக்குப் போய்விட்டு நாக்கைச் சுழற்றிக்கொண்டு வருகிறது. எந்தப் புண்ணியவதி என்று தெரியவில்லை.

பெனிஷா கல்யாணத்துக்கு வராதவர் இதற்காவது பதில் போடுவீர்கள் என்று நம்புகிறேன்.

இப்படிக்கு,
அந்தோணிமேரி


முல்லா வீதி, புதுச்சேரி
9 ஜனவரி 2026

திருமதி அந்தோணிமேரி அவர்களுக்கு,

கடிதம் கிடைத்தது. பெனிஷாவுக்கு நல்லபடியாகப் பிரசவம் ஆக துஆ செய்கிறேன். இது உண்மையாகவே சொல்வது.

எண்ணைத் தடுத்தது நான்தான். மறுக்கவில்லை. கல்யாணத்தைப் பற்றி எழுத மாட்டேன்.

படிவத்தைப் படித்தேன். கையெழுத்து மட்டும் போதாது. நீங்கள் டைப் அடித்த அதே பக்கத்தில், அடுத்த வரியில், புதிய வீட்டை இருவரும் நேரில் பார்க்க வேண்டும் என்றும் இருக்கிறது. மறந்துவிட்டீர்கள் போல. நீங்கள் பார்த்தாயிற்று. நான் இன்னும் பார்க்கவில்லை. வரும் ஞாயிற்றுக்கிழமை ரெட்டியார்பாளையம் போய்ப் பார்க்கிறேன். பார்த்தபிறகு முடிவு சொல்கிறேன்.

அந்த வீட்டாரிடம் சொல்ல வேண்டும் என்பதற்காகச் சில விவரம் கேட்கிறேன். இடி இடித்தால் இன்னும் உங்கள் தையல் மிஷினுக்கு அடியில்தான் போய்ப் படுக்கிறாளா? கழுத்துத் தழும்பில் பனிக்காலத்தில் அரிப்பு வருமே, தேங்காய் எண்ணெய் தடவுகிறீர்களா? இடது பின்னங்கால் படியேறும்போது இழுக்கிறதா? எனக்கு இழுப்பது போலத்தான் தெரிகிறது.

என் பொறுப்பு என்பதால் கேட்கிறேன். வேறு ஒன்றும் இல்லை.

ஜஹபர் நிஷா


குருசுக்குப்பம்
13 ஜனவரி 2026

நிஷா,

திருமதி, அவர்கள், நீங்கள் எல்லாம் ஒரு கடிதத்துக்கு மேல் எனக்கு வரவில்லை. கை வலிக்கிறது. இருபத்தாறு வருஷம் ஒரே பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்தோம், நான் ஆபீசில், நீ தையல் வகுப்பில். ஒரே டிபன் பாக்ஸில் சாப்பிட்டவளை நான் எப்படி 'அவர்கள்' என்று எழுதுவது?

கால் இழுப்பது போலத் தெரிகிறது என்று எழுதியிருக்கிறாய். எங்கிருந்து தெரிகிறது? மூன்று வருஷமாக நீ இந்தப் பக்கம் தலைவைத்துப் படுத்ததில்லையே. அதற்குப் பதில் சொல்.

உன் கேள்விகளுக்கு என் பதில்: மிஷினுக்கு அடியில்தான் படுக்கிறது. எண்ணெய் தடவுகிறேன். கால் இழுக்கிறது.

உன் கடிதத்தைப் படித்துவிட்டு வைத்திக்குப்பம் வரை நடந்தேன். நாம் அதைத் தூக்கிய இடத்தில் இப்போது புதுப் படகு ஒன்று நிற்கிறது. ஞாபகம் இருக்கிறதா, மீன் விற்கும் செல்வாம்பாள் நம்மைக் கூப்பிட்டு, "மூணு நாளா காயவெச்ச கருவாட்டுப் பக்கத்துலயே படுத்திருக்குது, ஒண்ணுகூட எடுக்கலைம்மா, எனக்கே பாவமாப் போச்சு" என்றாள். திருடாத நல்ல குட்டி என்று நான் மெச்சிக்கொண்டேன். நீதான் குனிந்து கழுத்தை விலக்கிப் பார்த்தாய். நைலான் வலைக் கயிறு சதைக்குள் இறங்கியிருந்தது. விழுங்க முடியாமல்தான் படுத்திருந்தது. தையல் கத்தரியால் ஒவ்வொரு இழையாக நீ வெட்டினாய், நான் தலையைப் பிடித்துக்கொண்டு ஜெபம் சொன்னேன். பெயரைச் செல்வாம்பாளே வைத்துவிட்டாள்.

தூக்கி வந்த மறுநாள் உன் முகத்தைப் பார்த்தேன். உன் வீட்டில் நாய் ஆகாது. உன் மாமியார் தொழுகிற வீடு. எனக்குத் தெரியும், நான் கேட்கவே இல்லை. என் வீட்டில் இருக்கட்டும், பாதி உன்னுடையது என்றேன். அப்படித்தானே எட்டு வருஷம் ஓடியது?

ஐந்து மணிக்கு நீ வருவாய். பேக்கரியில் மிச்சமான நீட்டு ரொட்டியை நான் வாங்கி வைத்திருப்பேன். எலும்புச் சாற்றில் ஊறவைத்து, பீச் ரோட்டிலிருந்து தெரு நாய்களுக்குப் போட்டுக்கொண்டே வருவோம். கடைசியில் என் பின்கட்டுக்கு வந்து கருவாட்டோடு கால் மணி நேரம் உட்காருவாய். தவக்காலத்தில் என் வீட்டில் கறி கிடையாது, அந்த நாற்பது நாளும் உன் அடுப்பு. உன் நோன்பு மாதத்தில் நீ ஐந்து மணிக்கு வெளியே வர முடியாது, அந்த மாதம் முழுக்க நடை என்னுடையது. யாரும் கணக்குப் பார்க்கவில்லை. நீ போனபிறகு வேடிக்கையைப் பார், மூன்று வருஷமாகத் தவக்காலமும் நோன்பும் ஒன்றாகவே வருகின்றன. வெள்ளிக்கிழமையில் மூக்கைப் பொத்திக்கொண்டு நானே எலும்பு வேகவைத்தேன்.

நான் என்ன தப்பு செய்தேன் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. பெனிஷா கல்யாணத்துக்கு முன்னால் வீட்டைப் புதுப்பித்தேன். எல்லாவற்றுக்கும் முதலில் உனக்காகத்தான் பின்கட்டைச் சரி செய்தேன். முழுக்க டைல்ஸ் போட்டு, குழாயடியை எடுத்துவிட்டு, நின்றுகொண்டே கழுவ வாஷ்பேசின் வைத்து, எலுமிச்சை வாசனை சோப்பு வைத்தேன். நீ வந்து பார்த்தாய். "நல்லா இருக்குது" என்றாய். டீ குடித்தாய், போனாய். அன்றோடு சரி. போன் செய்தால் முழங்கால் வலி என்றாய். மூன்றாவது தடவை மணியே அடிக்கவில்லை. கல்யாணத்தில் முதல் வரிசையில் உனக்கென்று ஒரு நாற்காலி காலியாகவே இருந்தது. பெனிஷா திரும்பித் திரும்பிப் பார்த்தாள். அதை நான் எப்படி மறப்பேன்?

ரெட்டியார்பாளையம் போனாயா?

மேரி


முல்லா வீதி
19 ஜனவரி 2026

மேரி,

போனேன். இளஞ்செழியனும் அவர் மனைவியும் நல்ல மனிதர்கள். அதுதான் எனக்குக் கஷ்டமாகிவிட்டது.

குறை கண்டுபிடிக்கத்தான் போனேன் என்று உன்னிடம் மறைக்க என்ன இருக்கிறது. கேட்டில் தலை நுழைகிற சந்து இருக்கிறதா என்று பார்த்தேன், வலை அடித்திருக்கிறார்கள். எலி மருந்து வைக்கிறீர்களா என்றேன், கிடையாது என்றார்கள். செத்துப்போன நாயின் படம் மாட்டியிருந்தது. பதினான்கு வருஷம் வளர்த்தார்களாம். அந்த அம்மா பேசும்போதே கண்ணைத் துடைத்துக்கொண்டார். அவர்கள் வீட்டில் கருவாடு நன்றாக இருப்பாள்.

கண்ணில் பட்டது ஒரே ஒரு குறைதான். வாசலிலிருந்து பின்பக்கம் வரை பளபளவென்று டைல்ஸ். ஒரு கை மண் இல்லை. அங்கே நிற்கும்போது உன் பின்கட்டு ஞாபகம் வந்தது. அதற்குமேல் என்னால் உட்கார முடியவில்லை. காபியைப் பாதியில் வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

என்ன தப்பு செய்தேன் என்று கேட்டாயே, சொல்லிவிடுகிறேன். மூன்று வருஷம் இதை வயிற்றில் வைத்துக்கொண்டு எனக்கும் போதும்.

அந்த நீல நிறப் பிஸ்கட் டப்பா. உன் கொழுந்தனார் பிரான்சிலிருந்து கொண்டு வந்தது, மேலே படகுப் படம் போட்டது. முதல் நாள் கருவாடு என் கையை நக்கியதும் நான் பதறினேன். எங்கள் வீட்டு முறைப்படி நாய் எச்சில் பட்டால் ஏழு தடவை கழுவ வேண்டும், அதில் ஒரு தடவை மண் போட்டு. சொல்லவே எனக்குக் கூச்சமாக இருந்தது. நாயைக் கேவலமாக நினைக்கிறேன் என்று நீ எடுத்துக்கொள்வாயோ என்று பயந்தேன். நீ ஒரு கேள்வியும் கேட்கவில்லை. கடற்கரையிலிருந்து ஒரு டப்பா மணல் அள்ளி வந்தாய். மணல் ஆகுமா என்று தெரியாது, எங்கள் வீட்டில் மண்தான் என்றேன். முருங்கை மரத்தடியில் தோண்டிச் சலித்து டப்பாவை நிரப்பினாய்.

பிறகு சொம்பில் தண்ணீர் மொண்டு நீயே ஊற்றினாய். "அன், தே, த்ருவா" என்று பிரெஞ்சில் எண்ணினாய். ஆபீசில் பிள்ளைகளை எண்ணுகிற அதே அதட்டல். நான் சிரித்தேன். ஏழாவதற்கு "ஸெத்" என்று நீ சொன்னதும் கருவாட்டுக்கு ஒரு பிஸ்கட். எட்டு வருஷம், மேரி. ஒருநாளும் நீ அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. என் அம்மாகூட எனக்கு அவ்வளவு பொறுமையாகத் தண்ணீர் ஊற்றியதில்லை. நாயைத் தொடுகிறேன் என்று என் வீட்டில் யாருக்கும் தெரியாது. உனக்கும் அந்தக் குழாயடிக்கும் மட்டும்தான் தெரியும்.

அன்றைக்கு வந்து பார்க்கிறேன், குழாயடி இல்லை. டப்பா இல்லை. முருங்கை மரம் இருந்த இடத்தில் டைல்ஸ். எதிரில் வாசனை சோப்பு. தண்ணீர் ஊற்றி ஊற்றி உனக்குச் சலித்துவிட்டது, வாயால் சொல்ல முடியாமல் சோப்பை வைத்துவிட்டாய் என்று நினைத்துக்கொண்டேன். மண் எங்கே என்று கேட்டிருக்கலாம். கேட்டால், 'இன்னுமா அதெல்லாம்' என்று நீ சொல்லிவிட்டால்? அந்த வார்த்தையை உன் வாயால் கேட்டுவிட்டு நான் எப்படி உயிரோடு வீடு போய்ச் சேர்வது? அன்றைக்குக் கருவாடு ஓடி வந்து முகத்தைத் தூக்கினாள். நான் கையை முந்தானைக்குள் வைத்துக்கொண்டேன். நீ கவனிக்கவில்லை.

கல்யாணத்துக்குப் புடவைகூட எடுத்து வைத்திருந்தேன். கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்துவிட்டு அவிழ்த்து மடித்துவிட்டேன். பெனிஷாவிடம் மன்னிப்புக் கேட்டதாகச் சொல்.

உன் புண்ணியவதி நான்தான். தினமும் ஐந்து மணிக்கு உன் தெருமுனையில் ஆட்டோவை நிறுத்தி இலையில் வைத்துவிட்டுத் தள்ளி நிற்பேன். தின்றுவிட்டு என்னைப் பார்ப்பாள். கிட்ட வந்தால் நான் பின்னால் போவேன். மூன்று வருஷமாக நான் அவளைத் தொடவில்லை. டாக்டரிடம் சொல், இனிமேல் கொழுப்பை எடுத்துவிட்டு வைக்கிறேன்.

படிவத்தில் இன்னும் கையெழுத்துப் போடவில்லை. பேனாவை எடுத்தேன், வைத்துவிட்டேன். நீ சொன்னால் போடுகிறேன்.

நிஷா


குருசுக்குப்பம்
23 ஜனவரி 2026

நிஷா,

உன் கடிதம் வந்து இரண்டு நாள் ஆகிறது. இதற்கு முன் எழுதிய மூன்றைக் கிழித்துவிட்டேன்.

உனக்கு முழங்கால் வலி. குழாயடியில் குத்துக்காலிட்டு உட்காரும்போது பல்லைக் கடிப்பாய். நான் சொம்போடு நின்று பார்த்துக்கொண்டே இருந்தேன். நின்றபடி கழுவட்டும், நகக்கண்ணில் மண் ஏறாமல் இருக்கட்டும் என்று நினைத்தேன். சோப்பு அதைவிடச் சுத்தம்தானே என்று என் மர மண்டையில் பட்டது. உன்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். திடீரென்று காட்டி உன்னைச் சந்தோஷப்படுத்த வேண்டும் என்று மேஸ்திரியை அவசரப்படுத்தினேன். இவ்வளவுதான் நடந்தது. நான் ஒரு மடச்சி.

சலித்ததா? அந்த ஏழு சொம்பு தண்ணீரை ஊற்றுகிற நேரம்தான் எனக்கு நாளிலேயே நல்ல நேரம். என்னவர் பிரகாசம் போனபிறகு என் வீட்டில் என்னை நம்பி ஒருத்தி கையை நீட்டியது அப்போது மட்டும்தான்.

டப்பாவை நான் தூக்கிப் போடவில்லை. மண்ணைக் குரோட்டன்ஸ் தொட்டியில் கொட்டிவிட்டேன், டப்பாவில் கிறிஸ்துமஸ் குடில் பொம்மைகளைப் போட்டு வைத்திருக்கிறேன். நேற்று எடுத்துப் பார்த்தேன். மாடும் கழுதையும் மூன்று ராஜாக்களும் உள்ளே இருந்தார்கள். மூலையில் இன்னும் கொஞ்சம் மண் ஒட்டியிருந்தது. அதைப் பார்த்து நான் அழுத அழுகையைக் கருவாடு பார்த்துவிட்டு மிஷினுக்கு அடியில் போய்விட்டது.

ரெட்டியார்பாளையத்துக்குக் கொடுக்க எனக்கும் மனசு இல்லை. ஆகஸ்டில் திரும்பி வந்து அந்த வீட்டுக் கேட்டில் விருந்தாளியாக நின்று என் நாயைப் பார்க்க வேண்டியதாகிவிடும். ஆனால் பெனிஷாவுக்கு அங்கே யாரும் இல்லை. போகாமல் இருக்க முடியாது. உன்னை நான் கேட்க மாட்டேன். பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னாலேயே கேட்கவில்லை, இப்போது கேட்டு உன்னை உன் வீட்டில் சங்கடத்தில் மாட்டிவிட மாட்டேன். மாமியார் காலமானதைப் பேப்பரில் பார்த்தேன். வராமல் இருந்ததற்கு என்னை மன்னித்துவிடு. எனக்கும் வீம்பு.

கையெழுத்துப் போட்டுவிடு. வேறு வழி தெரியவில்லை.

மேரி


முல்லா வீதி
2 பிப்ரவரி 2026

மேரி,

படிவம் இத்துடன் இருக்கிறது. நீ பெருக்கல் குறி போட்ட இடத்தில் நான் கையெழுத்துப் போடவில்லை. கோபப்படாமல் மேலே படி.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து ஜமால் சாப்பிட உட்கார்ந்தபோது எல்லாவற்றையும் சொன்னேன். நாய், குழாயடி, மண், ஆட்டோ, ஒன்றுகூட விடவில்லை. முப்பத்தேழு வருஷக் குடித்தனத்தில் அவரிடம் நான் மறைத்தது இது ஒன்றுதான். அவர் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். பிறகு, "எட்டு வருஷமா உன் முந்தானையில ஒட்டிக்கிட்டு வந்த முடியை நான் என்ன பூனை முடின்னா நெனச்சேன்?" என்றார்.

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. ஏன் கேட்கவில்லை என்றேன். அம்மாவுக்குத் தெரியாமல் இருந்தால் சரி என்று விட்டுவிட்டாராம். கை கழுவாமல் ஒருநாளும் நான் வீட்டுக்குள் வந்ததில்லை, அது அவருக்குத் தெரியும், மேரி வீட்டில் இருக்கும்வரை கவலை இல்லை என்று நினைத்தாராம். மூன்று வருஷமாக முந்தானையில் முடி இல்லாததையும் பார்த்திருக்கிறார். நமக்குள் ஏதோ சண்டை என்று புரிந்துகொண்டாராம். இந்த மனுஷனோடு இத்தனை வருஷம் குடும்பம் நடத்தியும் எனக்கு இவரைத் தெரியவில்லை பார்.

அவரிடம் கேட்டேன். நம் வீட்டுக் கொல்லைக்குத் தனிக் கதவு இருக்கிறது, சந்தில் திறக்கும். மாடிப்படிக்கு அடியில் மழை படாது. அவள் கூடத்துக்குள் வரமாட்டாள், சொன்னால் கேட்பாள். ஆறு மாதம். பள்ளிவாசலில் கேட்டுவிட்டு வந்தார். வெளியே வைத்துக் காவலுக்கு வளர்த்தால் தப்பில்லை, சுத்தத்தை மட்டும் பார்த்துக்கொள்ளச் சொன்னார்களாம். சாயங்காலம் வெளியே போனார். ஒரு மண்வெட்டியோடு வந்து, கொல்லையில் மருதாணிச் செடிக்குப் பக்கத்தில் சிமெண்ட் தரையை ஒரு முழத்துக்கு உடைத்து எடுத்தார். "கையலம்ப மண்ணு வேணுமில்ல" என்றார்.

ஆகவே 'ஒப்படைப்பவர்' என்ற இடத்தை வெறுமையாக விட்டுவிட்டேன். 'தத்தெடுப்பவர்' என்ற இடத்தில் என் பெயரை எழுதியிருக்கிறேன். கீழே ஜமாலும் கையெழுத்துப் போட்டிருக்கிறார். இருவரும் வீட்டைப் பார்க்க வேண்டும் என்பது உன் விதி. நீ வந்து என் வீட்டைச் சோதனை போடு. டீ உண்டு. போனில் உன் எண்ணைத் தடுத்திருந்ததையும் எடுத்துவிட்டேன்.

இளஞ்செழியன் வீட்டுக்கு நிர்மலா வேறு ஒரு கிழவனைக் காட்டியிருக்கிறாள், மூன்று கால். அந்த அம்மாவுக்குப் பிடித்துவிட்டதாம். வழுக்காமல் இருக்கப் பாய் விரிக்கச் சொல்லியிருக்கிறேன்.

நிஷா


குருசுக்குப்பம்
11 பிப்ரவரி 2026

நிஷா,

இன்று சாயங்காலம் கருவாட்டை உன் சந்துக் கதவில் விட வருவேன். அப்போது எனக்குப் பேச்சு வராது. அதனால் இதை எழுதிப் பிளாஸ்டிக் கவரில் போட்டு டப்பாவுக்குள் வைக்கிறேன். கைவிட்டால் கிடைக்கும்.

உன் கொல்லையில் மண் இருக்கிறது, தெரியும். ஆனாலும் டப்பா இல்லாமல் சரிப்படாது. இந்த மண் என் பின்கட்டில் எடுத்தது. மேஸ்திரியை வரவழைத்து நான்கு டைல்ஸைப் பெயர்த்துவிட்டேன். மூன்று வருஷத்துக்கு முன்னால்தானேம்மா ஒட்டினேன் என்று அவர் தலையில் அடித்துக்கொண்டார். முருங்கையின் வேர் இன்னும் உள்ளே இருக்கிறது. மண் ஈரமாகத்தான் இருந்தது, காயவைத்துச் சலித்தேன்.

மாத்திரை காலையில் ஒன்று, வாழைப்பழத்துக்குள் வைத்துக் கொடு. தனியாகக் கொடுத்தால் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு நீ போனதும் துப்பிவிடும். என் பழைய கவுன் ஒன்றைக் கொடுத்திருக்கிறேன், படுக்கப் போடு. துவைத்துவிடாதே. முதல் நாள் சாப்பிடாவிட்டால் பயப்படாதே. இரண்டாம் நாளும் சாப்பிடாவிட்டால் எனக்குச் சொல்.

ஆறு மாதத்தில் அதற்கு ஏதாவது ஆகிவிட்டால் என்னிடம் மறைக்காதே. உன் மடியில் ஆனது என்றால் நான் தாங்கிக்கொள்வேன்.

உன் வீட்டைச் சோதனை போட்டேன். டீயில் சர்க்கரை அதிகம். மற்றபடி ஒப்புதல்.

மேரி


முல்லா வீதி
21 பிப்ரவரி 2026

மேரி,

இதைப் போனில் சொன்னால் நீ அழுவாய், பிள்ளைத்தாச்சி பெனிஷா பயந்துவிடுவாள். அதனால் எழுதுகிறேன். உன்னிடம் போனில் எல்லாம் சரி என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தேன். சரியாக இல்லை. நீ போனதிலிருந்து அவள் வாய் வைக்கவில்லை. மூன்று நாள் கஞ்சித் தண்ணீரை மட்டும் ஸ்பூனில் ஊற்றினேன். பிறகு நான்கு கவளம், ஐந்து கவளம், அவ்வளவுதான். சந்துக் கதவையே பார்த்துக்கொண்டு கிடந்தாள். மறைக்காதே என்று நீ எழுதியிருந்தும் மறைத்தேன். அதற்கு நீ வந்து திட்டிக்கொள்.

புதன்கிழமை நீ அங்கே கோயிலில் சாம்பல் பூசியிருப்பாய். வியாழக்கிழமை எங்களுக்கு முதல் நோன்பு. இந்த வருஷம் ஒருநாள் வித்தியாசத்தில் உன் தவக்காலமும் என் நோன்பும் வந்துவிட்டன. நீ கறி தொடமாட்டாய், நான் பகலில் தண்ணீர் தொடமாட்டேன், இவள் இரண்டையும் தொடமாட்டேன் என்கிறாள். மூன்று பேரும் விரதம் என்று ஜமாலிடம் சொன்னேன். அவருக்குச் சிரிப்பு வரவில்லை. அவருக்கும் கவலை.

நேற்று நோன்பு திறக்கப் பத்து நிமிடம் இருக்கும். கொல்லையில் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். மூன்று வருஷம் தள்ளித் தள்ளிப் போனவள் நான், உன்னைப் பார்த்துத்தான் பழகியவள் அவள், என்னை மன்னிக்க வேண்டுமே என்று நினைத்துக்கொண்டு கையை நீட்டினேன். மெல்ல எழுந்து வந்து உள்ளங்கை முழுக்க நக்கினாள். சொரசொரப்பான அந்த நாக்கு. எனக்கு எல்லாம் உடைந்துவிட்டது.

பாங்கு சொல்லப் போகிறார்கள். எழுந்து டப்பாவைத் திறந்து மண்ணை எடுத்தேன். உட்கார முழங்கால் மடங்கவில்லை. ஜமால் வந்து ஒரு முக்காலியைப் போட்டுவிட்டு, சொம்பில் தண்ணீர் மொண்டு ஊற்றினார். ஒன்று, இரண்டு என்று எண்ணினார். ஏழு என்றார். முடிந்தது. கருவாடு பழைய இடத்துக்குப் போய்க் கதவைப் பார்த்துப் படுத்துக்கொண்டாள்.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. அவரிடம், பிரெஞ்சில் எண்ணுங்கள் என்றேன். "எனக்கெதுக்கு இப்ப பிரெஞ்சு?" என்றார். அஞ்சாம் கிளாஸ் வரைக்கும் படித்தீர்களே, எண்ணுங்கள் என்றேன். இன்னொரு சொம்பு தண்ணீரைக் கொண்டு வந்தார். கை சுத்தமாகத்தான் இருந்தது, மறுபடி நீட்டினேன். அன், தே, த்ருவா. நான்காவதில் தடுமாறினார், நான் எடுத்துக் கொடுத்தேன். ஐந்தாவதற்கு அவள் காது நிமிர்ந்தது. ஆறாவதற்கு எழுந்து நின்றாள். அவர் "ஸெத்" என்றார், பள்ளிக்கூடத்துப் பையன் வாத்தியாரிடம் ஒப்பிப்பது மாதிரி. அவள் நேராக வந்து அவர் காலடியில் உட்கார்ந்து வாயைத் திறந்தாள்.

பாங்கு சொல்லிவிட்டார்கள். நோன்பு திறக்க அவர் கையில் வைத்திருந்த பேரீச்சம்பழத்தை அப்படியே அவள் வாயில் வைத்துவிட்டார். நான்தான் அவருக்கு வேறு எடுத்து வர வேண்டியிருந்தது. அதன்பிறகு ஒரு தட்டு ரொட்டியும் சாறும் ஒரு துணுக்கு மிச்சம் வைக்காமல் தின்றாள். கொழுப்பை எடுத்துவிட்டேன், டாக்டரிடம் சொல்.

இன்றைக்கும் அவரே எண்ணினார். நேற்றைவிடத் தேவலை, ஆனாலும் உன் அதட்டல் வரவில்லை. ஆகஸ்ட் வரைக்கும் அவர் பார்த்துக்கொள்வார். வந்ததும் சொம்பை அவர் கையிலிருந்து நீ வாங்கிக்கொள்.

நிஷா